சலக்கடுப்பு என்று விட்டுவிடாதீர்கள்: சிறுநீர்வழி அழற்சியும் கொழும்பில் நான் பெற்ற சிகிச்சையும்

சலம் போகும்போது எரிகிறது என்று கொழும்பில் ஒருவர் சொன்னால், கேட்பவர் அநேகமாக உடம்புச் சூடு என்றுதான் சொல்வார். செவ்விளநீர் குடி, பார்லி அவித்துக் குடி, பொல்பலா அவித்துக் குடி என்று ஆலோசனைகள் வரிசையாக வரும். வெயிலில் அலைந்து தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குச் சிறுநீர் செறிவடைந்து எரிவு உண்டாவது உண்மைதான்; தண்ணீர் போதியளவு குடித்ததும் அந்த எரிவு அடங்கிவிடும். பாலுறவுக்குச் சில நாள்களோ சில வாரங்களோ கழித்து வருகின்ற எரிவு, அதிலும் உள்ளாடையில் கறை படியும்படி கசிவுடன் வருகின்ற எரிவு, வேறு வகையானது. சூட்டினால் எரிவு வரலாம், சீழ் வராது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் உட்சுவர் வீங்கிப் புண்பட்டிருப்பதையே சிறுநீர்வழி அழற்சி என்கிறார்கள். அது பல காரணங்களால் வரக்கூடிய ஒரு நிலை. தனியொரு நோயின் பெயர் அன்று. அதனால்தான் எந்தக் காரணம் என்று பார்க்காமல் மாத்திரை போடுவது பல வேளைகளில் பயன்தராமல் போகிறது.

இதை நான் மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகின்ற என் வயதுக்காரர் பலர், வேறு எதைப் பற்றியும் கூடிப் பேசுபவர்கள், இந்த ஒரு விடயத்தை மட்டும் அறைத்தோழனிடமோ வீட்டாரிடமோ சொல்ல முடியாமல் பாமசியில் குரலைத் தாழ்த்தி மாத்திரை கேட்பதை நான் அறிவேன். என்ன நடக்கிறது, எந்தப் பரிசோதனை எப்போது பயன்படும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பவை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களுடைய அலைச்சலில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

எனக்கு இது வந்த காலத்தில் நானும் ஒரு பெண்ணும் திருமணம் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தோம். அவர் கருத்தடை மாத்திரை எடுத்துவந்தார். அம்மாத்திரை கருத்தரிப்பைத் தடுக்குமே தவிரத் தொற்றைத் தடுப்பதில்லை. எரிவுக்கு முன்னரே ஆணுறுப்பின் நுனித் துவாரத்துக்குச் சற்று உள்ளே ஓர் அரிப்பு தொடங்கியிருந்தது. பின்னர், காலையில் எழுந்ததும் துவாரத்தின் இரு ஓரங்களும் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அவற்றைப் பிரித்தால் நிறமற்ற ஒரு துளி பிசுபிசுப்பாக நிற்பதையும் கண்டேன். உள்ளாடையின் முன்புறத்தில் ஒரு ரூபாய்க் குற்றியிலும் சிறிய கறை ஒன்று காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. காலையில் ஒரு தடவை சிறுநீர் கழித்துவிட்டால் அதன் பிறகு பகல் முழுவதும் எதுவும் தெரியாது. காய்ச்சல் இல்லை, அடிவயிற்று வலி இல்லை, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

இந்த இல்லாமைகளுக்கும் பொருள் உண்டு என்பதைப் பின்னர் வைத்தியர் விளக்கினார். அடிக்கடி முட்டிக்கொண்டு வருதல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் கலங்கியோ இரத்தம் கலந்தோ போதல் ஆகியவை பெரும்பாலும் சிறுநீர்ப்பைத் தொற்றையோ கல்லையோ சுட்டுபவை. இளவயது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைத் தொற்று அவ்வளவு எளிதில் வருவதில்லை. நுனியில் அரிப்பு, காலைத் துளி, சிறுநீர் வெளியேறும் நேரத்து எரிவு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் குழாயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மாறாக, பாலுணர்ச்சி எழும்போது வரும் தெளிந்த நீரும், மலச்சிக்கலில் முக்கும்போது எப்போதாவது கசியும் ஓரிரு துளியும் இயல்பானவை. இவற்றைத் ‘தாது போகிறது’ என்று எண்ணிப் பயந்து லேகியத்துக்கும் சூரணத்துக்கும் சம்பளத்தைக் கொட்டுகிறவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

நான் முதலில் போனது அறைக்குப் பக்கத்தில் மாலையில் நோயாளரைப் பார்க்கும் பொது வைத்தியர் ஒருவரிடம். சிறுநீர் எரிவு என்று மட்டும் சொன்னவுடன் அவர், கொழும்பில் எவரும் செய்வதுபோல, யூ.எஃப்.ஆர். எனப்படும் முழுச் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். ஆய்வுகூடத்தில் சிறு போத்தலைத் தந்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள் என்றார்கள். சிறுநீர்ப்பையிலும் சிறுநீரகத்திலும் என்ன நடக்கிறது என்று பார்க்க அதுவே சரியான முறை. ஆனால் அழற்சி குழாயில் இருக்கும்போது, முதலில் வரும் சிறுநீர்தான் குழாயின் சுவரிலுள்ள சீழணுக்களையும் கிருமிகளையும் கழுவிக்கொண்டு வருகிறது. அந்த முதற்பகுதியைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடித்தால் அறிக்கை சுத்தமாக வந்துவிடலாம். எனக்கும் அப்படித்தான் வந்தது. சிறுநீரை வழமையான கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினாலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. பாலுறவால் தொற்றி இந்த அழற்சியை உண்டாக்கும் கிளமிடியா, உயிருள்ள கலங்களுக்குள்ளே மட்டும் பெருகும் பக்டீரியா என்பதால் சாதாரண கல்ச்சர் தட்டில் அது வளராது. யூ.எஃப்.ஆர். நோர்மல் என்ற ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த அறிக்கையில் தவறு இல்லை, அது உங்கள் கேள்விக்கான பரிசோதனை இல்லை, அவ்வளவே.

அறிக்கையோடு திரும்பிப் போனபோது கசிவைப் பற்றியும் உறவைப் பற்றியும் வைத்தியரிடம் நேரடியாகச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, இதை நான் இங்கே மாத்திரை எழுதி முடிக்கக் கூடாது, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள், அங்கே பார்ப்பதற்கு முன்னர் அன்டிபயோட்டிக் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். இந்தக் கடைசி அறிவுரையின் பெறுமதி அன்று மாலையே தெரிந்தது. வேறு ஏதோ வாங்கப் போன பாமசியில், பேச்சுவாக்கில் எரிவு என்று சொன்னதும், “தம்பி, சிப்ரோ அஞ்சு நாளைக்குப் போடுங்க, சரியாயிரும்” என்று மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சிப்ரோ, அதாவது சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அந்த அன்டிபயோட்டிக் மாத்திரையின் கதை தெரிந்துகொள்ளத் தக்கது. பாலுறவால் தொற்றி இதே எரிவையும் சீழையும் தரும் இன்னொரு நோய் கொனோரியா. அதை உண்டாக்கும் பக்டீரியாவை ஜேர்மன் வைத்தியர் அல்பேர்ட் நைசர் 1879 இல் கண்டறிந்தார். அதற்கெதிராக 1930களில் சல்ஃபா மருந்துகள் வந்தன; சில ஆண்டுகளிலேயே அவை பயனிழக்கத் தொடங்கின. பிறகு பெனிசிலின் வந்தது; பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தைக் கொண்ட கொனோரியா 1976 இல் கண்டறியப்பட்டது. அடுத்து டெட்ராசைக்கிளின், அடுத்து சிப்ரோஃப்ளொக்சசின். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 இல் கொனோரியாவுக்கான பரிந்துரையிலிருந்து சிப்ரோ வகை மருந்துகளை நீக்கியது. ஆசியாவில் அவற்றுக்கு எதிரான தாங்குதிறன் அதற்கு முன்னரே பரவியிருந்தது. ஆகவே இன்று ஒருவர் எரிவுக்குச் சிப்ரோ போட்டால், கொனோரியாவாக இருந்தால் பெரும்பாலும் கிருமி சாகாது. கசிவு சற்றுக் குறைந்து நோய் உள்ளே தங்கலாம். அதன் பிறகு எடுக்கும் பரிசோதனையிலும் கிருமி அகப்படாமல் போகலாம். காசும் போய், காரணமும் தெரியாமல் போகின்ற நிலை இப்படித்தான் வருகிறது.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையத்துக்கு நான் போனேன். சிகிச்சை இலவசம், தகவல் இரகசியமாக வைக்கப்படும். விரும்புபவர்கள் தனியார் வைத்தியசாலைகளில் இத்துறை நிபுணர்களைச் சனல் செய்தும் (கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்தும்) பார்க்கலாம். ஆனால் மாதிரியை எடுத்து அங்கேயே உருப்பெருக்கியில் பார்க்கும் வசதி எல்லா இடத்திலும் இருப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அரச நிலையத்தை நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

காலைச் சிறுநீரைக் கழிக்காமல் போவதுதான் அன்றைய கடினமான வேலை. மாதிரி எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு மணித்தியாலமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்தால்தான் குழாயில் சேர்ந்த சீழ் கழுவப்படாமல் இருக்கும். வெள்ளவத்தையில் காலை ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே கடற்கரையோரமாக மருதானை வரை போய், அங்கிருந்து அவசரத்தை அடக்கிக்கொண்டு நடந்தேன். நேரே எழுந்தவுடன் போக முடியாதவர்கள் பகலில் போகலாம், ஆனால் போவதற்கு முன்பு கழிப்பறைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

அங்கே கேட்கப்படும் கேள்விகளை முன்கூட்டியே அறிந்திருந்தால் கூச்சம் குறையும். கடைசியாக உறவு கொண்டது எப்போது, யாருடன், அவர் ஆணா பெண்ணா, எந்த வகை உறவு, வாய்வழி உறவு உண்டா, ஆணுறை பயன்படுத்தப்பட்டதா, கடந்த மூன்று மாதங்களில் வேறு எவரேனும் உண்டா, துணைக்கு ஏதேனும் அறிகுறி உண்டா, அவர் கர்ப்பமாக இருக்கக்கூடுமா, அண்மையில் அன்டிபயோட்டிக் எடுத்தீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில்தான் இவ்வளவையும் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் உண்டு: வாய்வழி உறவு இருந்தால் தொண்டையும் சோதிக்கப்பட வேண்டும், துணை கர்ப்பமாக இருந்தால் அவருக்குரிய மருந்து மாறும். உண்மையை மாற்றிச் சொன்னால் மாறுவது நம்முடைய சிகிச்சைதான்.

பின்னர் வைத்தியர் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். விதைகளையும் அவற்றின் பின்புறமாக ஓடும் சிறு குழாயையும் மெல்ல அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார். முன்தோலை விலக்கிப் புண், கொப்புளம் உண்டா என்று பார்த்தார். மெல்லிய வளையம் கொண்ட ஒரு சிறு குச்சியைத் துவாரத்துக்குள் சற்றே செலுத்தி எடுத்தார். பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை. மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது, அடுத்த தடவை சிறுநீர் கழிக்கும்போது மட்டும் சுரீரென்றது. அதில் ஒட்டியதைக் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் சிறுநீர், அதுவும் முதலில் வரும் பகுதி.

அந்தக் கண்ணாடித் தகட்டில் செய்யப்படும் சாயப் பரிசோதனை 1884 இல் டென்மார்க் வைத்தியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை. ஊதாச் சாயம், அயடின், நிறம் நீக்கும் திரவம், இறுதியாகச் சிவப்புச் சாயம் என்று நான்கு கட்டங்கள். சில நிமிட வேலை. ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்கும்போது சீழணுக்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். கொனோரியா இருந்தால், அந்த அணுக்களின் உள்ளேயே, இரண்டு கௌபிக் கொட்டைகளை உள்வளைவுகள் எதிரெதிரே இருக்க வைத்தாற்போல, சோடி சோடியாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அறிகுறியுள்ள ஆண்களில் இந்தத் தகடு கொனோரியாவை 95 வீதத்துக்கும் கூடுதலான தடவைகளில் சரியாகக் காட்டிவிடுகிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு முறை, இன்றைய விலையுயர்ந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று, காத்திருப்பவருக்கு அன்றைக்கே பதில் சொல்கிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். என்னுடைய தகட்டில் சீழணுக்கள் நிறைய இருந்தன, சோடிப் புள்ளிகள் இல்லை. அதாவது அழற்சி உறுதி, கொனோரியா பெரும்பாலும் இல்லை. கிளமிடியாவைக் கண்டறியச் சிறுநீரைப் பி.சி.ஆர். போன்ற மரபணுப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்; அதன் முடிவு பின்னர்தான் வரும்.

நாள்கணக்கும் இதனோடு பொருந்திவந்தது. கொனோரியா அநேகமாக 2 முதல் 5 நாள்களுக்குள், கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை கலந்த சீழோடு, கடுமையான எரிவோடு வரும். கிளமிடியா அமைதியாக 1 முதல் 3 வாரங்கள் கழித்து, எனக்கு வந்ததுபோல் நீர்த்த கசிவோடு வரும். பல ஆண்களுக்கு எந்த அறிகுறியும் வராமலே போகும். இவை இரண்டும் இல்லையென்றால் மைகோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பக்டீரியா, டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணி, ஹெர்பிஸ் வைரஸ், சளிக்காய்ச்சலை உண்டாக்கும் அடினோ வைரஸ் என்று பட்டியல் நீளும். கண்ணால் பார்த்து நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு கிருமிகள் ஒரே நேரத்தில் இருப்பதும் சாதாரணமானது.

எனக்குத் தரப்பட்டது டொக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம், காலையும் மாலையும், 7 நாள்களுக்கு. கொனோரியா இருந்திருந்தால் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி ஒன்றைத் தசையில் போட்டிருப்பார்கள். அதன் அளவு நாட்டுக்கு நாடு 500 மில்லிகிராம் என்றும் 1 கிராம் என்றும் வேறுபடுகிறது. முன்பு அசித்ரோமைசின் 1 கிராமை ஒரே வேளையில் கொடுத்து முடித்துவிடுவார்கள்; அது கிளமிடியாவுக்கு டொக்ஸிசைக்கிளின் அளவுக்குப் பலன் தரவில்லை என்பதாலும், மைகோபிளாஸ்மாவில் தாங்குதிறனை வளர்த்துவிடுகிறது என்பதாலும் இப்போது இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. இந்த அளவுகளை நான் எழுதுவது, உங்களுக்குத் தரப்பட்டது என்ன என்று புரிந்துகொள்வதற்காக. வாங்கிப் போடுவதற்காக அல்ல.

டொக்ஸிசைக்கிளினை எப்படிப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். ஒரு முழுக் கோப்பை தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். வில்லை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாக்கிவிடும். இரவு தூக்கக் கலக்கத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுப்பவர்களுக்கு மறுநாள் நெஞ்சுக்குழி எரிவது இதனால்தான். பாலும், இரும்புச்சத்து மாத்திரையும், வயிற்றெரிவுக்கான மருந்தும் இது உடலில் சேர்வதைக் குறைக்கும். காலையில் பால் தேநீரோடு போடும் பழக்கமுள்ளவர்கள் அந்த ஏழு நாளும் பிளேன்டீக்கு மாறிக்கொள்வது நல்லது. வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும் என்பதால் நண்பகலில் காலிமுகத்திடலில் நடப்பதைத் தள்ளிப்போடலாம். எரிவு ஓரிரு நாளில் குறைந்தாலும் மாத்திரையை முடிக்க வேண்டும்.

இனி, மருந்தை விடவும் கடினமான பகுதி. சிகிச்சை முடிந்து 7 நாள் ஆகும் வரையிலும், துணைக்கும் சிகிச்சை முடியும் வரையிலும் உறவு கூடாது என்று வைத்தியர் சொன்னார். ஆணுறையோடு என்றால் பரவாயில்லையா என்று பலர் கேட்பார்களாம். இந்த இடைவெளியில் அதுவும் வேண்டாம் என்பதே பதில். கடந்த 60 நாள்களில் உறவு கொண்ட எவருக்கும் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லத் தயங்குபவர்களுக்கு, துணையிடம் கொடுத்து அனுப்பக்கூடிய சீட்டொன்றைத் தருவதாகவும் சொன்னார்கள்.

நான் அந்தப் பெண்ணை நேரில் சந்தித்தே சொன்னேன். அதற்கு முன் வைத்தியரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொண்டேன்: இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது? சொல்ல முடியாது என்றார் அவர். கிளமிடியா அறிகுறியே இல்லாமல் ஓர் உடலில் பல மாதங்கள், சில வேளைகளில் ஓர் ஆண்டுக்கும் மேலாக இருக்கக்கூடும். பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறி தெரிவதே இல்லை. எங்கள் இருவருக்கும் இதற்கு முன்னர் வேறு உறவுகள் இருந்தன என்பது இருவருக்குமே தெரியும். ஆகவே, எனக்கு அறிகுறி முதலில் தெரிந்தது என்பதிலிருந்து அவரிடமிருந்து வந்தது என்றோ, என்னிடமிருந்து அவருக்குப் போனது என்றோ எதுவும் பெறப்படாது. ஒரு பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு துரோகத்தை நிரூபிக்கப் பார்த்தால், மருத்துவம் சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறோம். எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“எனக்கு ஒரு தொற்று இருக்கு எண்டு மருந்து தந்திருக்கினம். உங்களுக்கும் இருக்கலாம், தெரியாமலே இருக்கும். எப்பிடி வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. நீங்களும் ஒருக்கா பார்த்திட்டா நல்லம்” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒரே கேள்வி: “பாக்காம விட்டா என்ன ஆகும்?” அதற்கு நான் அறிந்ததைச் சொன்னேன். கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணின் கருப்பையிலிருந்து கருக்குழாய்களுக்கு ஏறி, அங்கே தழும்பை உண்டாக்கினால் பிற்காலத்தில் கருத்தரிப்பது கடினமாகலாம். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணைத் தாக்கலாம். இவை எல்லாமே மருந்தால் முன்கூட்டியே தடுக்கக்கூடியவை. கர்ப்பிணிகளுக்கு டொக்ஸிசைக்கிளின் கொடுப்பதில்லை, அசித்ரோமைசின் கொடுப்பார்கள் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். அவர் தனியாகப் போய் வந்தார். பெண்களைப் பெண் வைத்தியரே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மாத்திரை முடிந்த பிறகும் எனக்கு நுனியில் ஒரு குறுகுறுப்பு நீடித்தது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். கிருமி இறந்தாலும் புண்பட்ட உட்சுவர் ஆறுவதற்குக் காலம் எடுக்கும். சில வாரங்களுக்கு இலேசான உணர்வு இருந்துகொண்டே இருக்கலாம். இன்னும் கசிகிறதா என்று அடிக்கடி பிதுக்கிப் பார்த்தால், அந்தப் பிதுக்கலே சுவரை உறுத்தி ஒரு துளியை வரவழைக்கும். துளியைப் பார்த்துப் பயம் கூடும். பயத்தில் இடுப்புக்கூட்டின் அடித்தசைகள் இறுகி மேலும் எரிவு தோன்றும். பிதுக்கவே கூடாது என்பது எனக்குத் தரப்பட்ட கண்டிப்பான அறிவுரை. அதேபோல, மரபணுப் பரிசோதனை இறந்த கிருமியின் எச்சத்தையும் கண்டுபிடித்துவிடும் என்பதால், சிகிச்சைக்குப் பின் 4 வாரங்களுக்குள் அதைத் திரும்பச் செய்தால் பொய்யான பயமே மிஞ்சலாம். குறுகுறுப்போடு நிற்காமல் கசிவு திரும்ப வந்தாலோ, தகட்டில் மறுபடியும் சீழணுக்கள் தெரிந்தாலோ, அப்போது மைகோபிளாஸ்மாவுக்கு மொக்ஸிஃப்ளொக்சசின், டிரைக்கோமோனாஸுக்கு மெட்ரோனிடசோல் என்று அடுத்த படிக்குப் போவார்கள். எவ்வளவு தேடியும் எந்தக் கிருமியும் அகப்படாத அழற்சியும் கணிசமானது. அப்படி வருபவர்களிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள். எனக்கு வந்தது கிளமிடியா என்று முடிவு வந்தது, குறுகுறுப்பு தானாகவே மறைந்தது.

எச்.ஐ.வி. பற்றிய அச்சம் இந்த எரிவோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. எச்.ஐ.வி. இத்தகைய கசிவை உண்டாக்குவதில்லை. ஆனால் ஒரு தொற்று வந்த வழியால் மற்றொன்றும் வந்திருக்கலாம் என்பதால் இரத்தம் எடுப்பார்கள். எச்.ஐ.வி.க்கான நான்காம் தலைமுறை ஆய்வுகூடப் பரிசோதனையை உறவுக்கு 45 நாள் கழித்தும், சிபிலிஸுக்கானதை 90 நாள் கழித்தும் செய்தால்தான் இல்லை என்ற முடிவை முழுமையாக நம்பலாம். அச்சப்படத்தக்க உறவு நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் என்றால் காத்திருக்க வேண்டாம், 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து பற்றி உடனே கேட்க வேண்டும். இதே எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் நம் நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கு வழமையாகச் செய்யப்படுகின்றன. தாயிலிருந்து குழந்தைக்கு இவ்விரு நோய்களும் பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார அமைப்பு 2019 இல் இலங்கையை அங்கீகரித்தது. நம் அக்காமாரும் தங்கைமாரும் கிளினிக்கில் கூச்சமின்றிக் கொடுக்கின்ற இரத்தம்தான் இது.

விதையில் வீக்கமும் வலியும் வந்தால் தொற்று மேலே ஏறியிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். அந்த வலி திடீரென்று, தாங்க முடியாமல், வாந்தியோடு வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது எந்தக் கிளினிக்கையும் தேடாமல், சில மணித்தியாலங்களுக்குள் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மூட்டு வீக்கமும் கண் சிவப்பும் சேர்ந்து வருவது அரிது, ஆனால் வந்தால் அதையும் அழற்சியோடு சேர்த்தே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று மாதங்கள் கழித்து இருவரும் மறுபடி பரிசோதித்துக்கொள்வது நல்லது. மருந்து தோற்பதைவிட, சிகிச்சை பெறாத ஒருவரிடமிருந்து மறுபடியும் தொற்றிக்கொள்வதே அதிகம். கொழும்புக்கு வெளியே இருப்பவர்கள் இதற்காக இங்கே வர வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை உட்பட நாடெங்கும் அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்து இந்தச் சிகிச்சை நிலையங்கள் உண்டு. போகும் நாளில் சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள். கடைசி உறவின் திகதியையும் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் நினைவில் வைத்திருங்கள். இடையில் எங்காவது மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால், ஒன்றிரண்டுதான் என்றாலும், அதன் வெற்று அட்டையைக் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.